ஒரு ஐஸ் ஹாக்கி அணியின் கோல் காவலை எண்களால் எடைபோடுவது எப்படி? மாதிரிக்கு விண்ணிபெக் ஜெட்ஸ்

நீலக்கோடு:

வணக்கம் நண்பர்களே. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல் புள்ளிவிவரங்களை வைத்து ஒரு அணியின் கோல் காவல் எவ்வளவு தேறும் என்று பார்க்க ஓர் அட்டவணை தயாரிக்கிறேன். மாதிரிக்கு எடுத்தது விண்ணிபெக் ஜெட்ஸ். குழப்பமும் அங்கேயே தொடங்கிவிட்டது.

2024-25 வழக்கமான பருவத்தில் அதன் கோல் கீப்பர் கானர் ஹெல்லபக் 63 ஆட்டம் ஆடினார். 47 வெற்றி, வந்த ஷாட்டில் தடுத்த பங்கைச் சொல்லும் சேவ் சதவீதம் .925, ஆட்டத்துக்கு வாங்கியது 2.00 கோல், ஒரு கோலும் விடாத ஷட்அவுட் 8. சிறந்த கீப்பருக்கான வெசினா, லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் இரண்டு கோப்பையும் அவருக்கே. அணி 116 புள்ளியோடு லீக்கிலேயே முதலிடம். அதன்பின் கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்றுகளான பிளேஆஃப் வந்தது: 13 ஆட்டம், .866. செயின்ட் லூயிஸுடன் நடந்த முதல் சுற்றில் எதிரணி மைதானத்தில் ஆடிய மூன்று ஆட்டத்திலும் பாதியில் வெளியே அழைக்கப்பட்டார். முந்தைய இரண்டு பிளேஆஃபும் இதே கதைதான்: 2023-ல் .886, 2024-ல் .870.

என் அட்டவணையில் இப்போது சேவ் சதவீதம், ஆட்டத்துக்கு கோல், சராசரியை விட எத்தனை கோல் தடுத்தார் என்ற ஜிஎஸ்ஏஏ, எதிர்பார்ப்பை விட எத்தனை தடுத்தார் என்ற ஜிஎஸ்ஏஎக்ஸ் ஆகிய நான்கும் இருக்கின்றன. கடைசி எண் மூன்று தளத்தில் மூன்று விதமாக வருகிறது. எதை நம்புவது? எத்தனை ஷாட்டுக்குப் பிறகு ஒரு கீப்பரைப் பற்றித் தைரியமாகப் பேசலாம்? முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்களின் பங்கையும் கீப்பரின் பங்கையும் எப்படிப் பிரிப்பது?

வலைவாசல்:

முதல் வேலையாக, ஆட்டத்துக்கு எத்தனை கோல் என்ற நெடுவரிசையைத் தூக்கிவிடுங்கள். அது கீப்பரை அளக்கவில்லை, அணி எத்தனை ஷாட் விட்டுக்கொடுத்தது என்பதைத்தான் பாதிக்கு மேல் அளக்கிறது. இரண்டு பேருக்கும் சேவ் சதவீதம் .905 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஆட்டத்துக்கு 22 ஷாட் சந்தித்தால் 2.09 கோல், மற்றவர் 32 ஷாட் சந்தித்தால் 3.04. திறமை ஒன்றே, தோற்றம் வேறு.

அடுத்து சேவ் சதவீதம். அதைத் தனியாக எழுதாதீர்கள், அந்தந்தப் பருவத்தின் லீக் சராசரியோடு உள்ள வித்தியாசமாக எழுதுங்கள். 2014-15-ல் லீக் சராசரி .915-ஐ ஒட்டி இருந்தது. 2024-25-ல் .900-க்கு இறங்கிவிட்டது. அன்று .910 எடுத்தவர் சராசரிக்குக் கீழே, இன்று .910 எடுப்பவர் நல்ல கீப்பர். சராசரி எடுக்கும்போது இரண்டு தவறு அடிக்கடி நடக்கிறது. கீப்பர்களின் சதவீதங்களைக் கூட்டி ஆள் எண்ணிக்கையால் வகுப்பது ஒன்று: 3 ஆட்டம் ஆடியவரும் 60 ஆட்டம் ஆடியவரும் சமமாகிவிடுவார்கள். எல்லாத் தடுப்புகளையும் கூட்டி, எல்லா ஷாட்டுகளாலும் வகுக்க வேண்டும். இன்னொன்று, அணிவாரிப் பட்டியலிலிருந்து எடுப்பது. சில பட்டியலில் கீப்பரை வெளியே எடுத்தபின் காலி வலையில் விழுந்த கோல்களும் சேர்ந்திருக்கும், சராசரி கீழே இழுபடும். கீப்பர்வாரிப் பட்டியலையே பயன்படுத்துங்கள்.

ஜிஎஸ்ஏஏ கணக்கு எளிது. ஷாட் எண்ணிக்கையை லீக் சராசரியில் கோலாகும் ஷாட்டின் விகிதத்தால் பெருக்கி, வாங்கிய கோலைக் கழியுங்கள். ஹெல்லபக் அந்தப் பருவத்தில் ஏறத்தாழ 1,660 ஷாட் சந்தித்து 125 கோல் வாங்கினார். சராசரி .900 என்றால் 166 கோல் விழுந்திருக்க வேண்டும். வித்தியாசம் 41. ஆனால் இந்தக் கணக்கில் எல்லா ஷாட்டும் ஒன்றே. வலைக்குத் தொலைவில் உள்ள நீலக்கோட்டுக்கு அருகிலிருந்து வரும் மணிக்கட்டு ஷாட்டும், வலைக்கு ஆறடி முன்னால் திறந்த வலையைப் பார்த்து அடிப்பதும் ஒரே விலை.

எதிர்பார்ப்பு கோல் (எக்ஸ்ஜி) கணக்குக்குப் போவதற்கு முன் ஒரு சின்னப் பிரிப்பைச் செய்தால் பாதித் தெளிவு வந்துவிடும். ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தையும், தன் பக்கம் ஆள் குறைந்து எதிரணி பவர்பிளே ஆடும் நேரத்தையும் தனித்தனியாக வையுங்கள். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: ஒரு கீப்பருக்கு முதலாவதில் .915, இரண்டாவதில் .865 என்று கொள்வோம். அவர் சந்திக்கும் ஷாட்டில் 15 சதவீதம் ஆள் குறைந்த நேரத்தில் வந்தால் மொத்தம் .9075. அதே கீப்பரை அடிக்கடி தண்டனை வாங்கும் அணியில் நிறுத்தி அந்தப் பங்கை 22 சதவீதம் ஆக்கினால் .9040. கீப்பர் எதுவும் மாறவில்லை, 1,500 ஷாட்டில் 5 கோல் அவர் தலையில் ஏறிவிட்டது.

இனி எதிர்பார்ப்பு கோல் எனும் எக்ஸ்ஜி. ஒவ்வொரு ஷாட்டுக்கும் தூரம், கோணம், ஷாட் வகை, ஆள் எண்ணிக்கை, முந்தைய நிகழ்வு எங்கே எத்தனை நொடிக்கு முன் நடந்தது என்பதையெல்லாம் பார்த்து, கோல் ஆகும் வாய்ப்பை 0-க்கும் 1-க்கும் இடையே ஓர் எண்ணாகக் கொடுக்கிறது. அவற்றின் கூட்டுத்தொகையில் வாங்கிய கோலைக் கழித்தால் ஜிஎஸ்ஏஎக்ஸ்.

தளத்துக்குத் தளம் ஏன் வேறுபடுகிறது என்றால், மாதிரிகள் ஒரே தரவை வேறு வேறாக வெட்டுகின்றன. குறி தப்பாமல் வலைக்கு வந்த ஷாட்டை மட்டும் எண்ணுவதா, குறி தவறி வெளியே போனதையும் சேர்ப்பதா என்பதுதான் பெரிய பிளவு. மணிபக் என்ற தளத்தின் மாதிரி, தடுப்பாட்டக்காரர் மறிக்காத எல்லா முயற்சிகளையும் எடுக்கிறது. அப்படிச் செய்தால் எதிரணி குறி தவறியதும் கீப்பர் கணக்கில் வரவாகும். கீப்பர் முன்னேறி நின்று கோணத்தை அடைத்ததால்தான் அடித்தவர் ஓரத்தைத் தேடித் தவறினார் என்று வாதிடலாம். சில சமயம் உண்மை, சில சமயம் அவர் சும்மா தவறினார். இரண்டு வழியும் நியாயம்தான். ஆனால் ஒரு தளத்தின் எக்ஸ்ஜியை எடுத்து இன்னொரு தளத்தின் கோல் எண்ணிக்கையோடு கழிக்கக் கூடாது.

இன்னொரு காரணம் அளவுத்திருத்தம். மாதிரியைப் பழைய பருவங்களில் பழக்கியிருந்தால் புதிய பருவத்தில் லீக் முழுவதன் எக்ஸ்ஜியும் உண்மையான கோலும் ஒத்துப்போகாது. மாதிரி 7,600 எதிர்பார்த்து 8,000 விழுந்தது என்று வைத்துக்கொண்டால் எல்லாக் கீப்பரும் மோசமாகத் தெரிவார்கள். லீக் கோலை லீக் எக்ஸ்ஜியால் வகுங்கள், இங்கே 1.053 வரும். அதால் ஒவ்வொருவரின் எக்ஸ்ஜியையும் பெருக்குங்கள். 150 எக்ஸ்ஜி சந்தித்தவருக்கு இது 8 கோல் வித்தியாசம். மூன்று தளத்துக்கும் இதைச் செய்தபின் ஒப்பிட்டுப் பாருங்கள், உங்களுக்கு வந்த வேறுபாட்டில் கணிசமான பங்கு கரைந்துவிடும்.

எதிர்மூலை:

வலைவாசல் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் எக்ஸ்ஜி எதைப் பார்க்கவில்லை என்பதைச் சொல்லாமல் அதை ஒருவர் கையில் கொடுக்கக் கூடாது.

பொதுவில் கிடைக்கும் தரவில் பாஸ் இல்லை. கீப்பர் கண்ணை எத்தனை பேர் மறைத்து நின்றார்கள் என்பதும் இல்லை. பக் எனும் ஆட்ட வட்டு அடிக்கப்பட்ட நொடியில் கீப்பர் நிலைகொண்டு நின்றாரா, பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டிருந்தாரா என்பதும் இல்லை. வலையிலிருந்து வலைவரை ஆடுகளத்தின் நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கோல்கீப்பிங் பேசுபவர்கள் அதை ராயல் ரோடு என்பார்கள். இடது வட்டத்திலிருந்து அந்தக் கோட்டைத் தாண்டி வலது வட்டத்துக்குப் பாஸ் போய், அங்கே நின்றவர் பக் வந்த வேகத்திலேயே அடிக்கிறார். கீப்பர் இடது கம்பத்திலிருந்து தள்ளிக்கொண்டு முழு ஆறடி வலையையும் கடக்க வேண்டும். அதே இடத்தில் நின்று ஒருவர் பக்கை நிதானமாகப் பிடித்து, நிமிர்ந்து பார்த்து அடித்தால் கீப்பர் ஏற்கனவே அங்கே நிற்பார். மாதிரிக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டும் ஒரே தூரம், ஒரே கோணம் என்பதுதான். ஷாட் வகை, முந்தைய நிகழ்வு வழியே கொஞ்சம் குறிப்பு கிடைக்கலாம், அதற்கு மேல் இல்லை. இப்படிப் பாஸ்களை வாரக்கணக்கில் விட்டுக்கொடுக்கும் அணியின் கீப்பர், ஜிஎஸ்ஏஎக்ஸில் தன் தகுதியை விடக் கீழே தெரிவார். அடைத்து ஆடும் அணியின் கீப்பர் மேலே தெரிவார்.

இதற்கு நல்ல பாடம் நியூயார்க் ஐலாண்டர்ஸ். 2017-18-ல் லீக்கிலேயே அதிகமாக 296 கோல் வாங்கிய அணி, அதன் கீப்பர் தாமஸ் க்ரைஸின் சேவ் சதவீதம் .892. அடுத்த பருவத்தில் பயிற்சியாளராக பாரி ட்ராட்ஸ் வந்தார், கூடவே கோல்கீப்பிங் பொறுப்பில் மிட்ச் கார்ன். 2018-19-ல் லீக்கிலேயே குறைவாக 196 கோல். அதே க்ரைஸ் .927. பஃபலோவில் .908 எடுத்துவிட்டு வந்த ராபின் லேனர் .930. குறைவான கோல் வாங்கிய அணியின் கீப்பர்களுக்கான ஜென்னிங்ஸ் கோப்பை இருவருக்கும். ஒரு மனிதன் ஒரே கோடையில் .035 அளவுக்குத் திறமை கூடிவிடுவதில்லை. கீப்பிங் பயிற்சி, தடுப்பாட்ட அமைப்பு, அதிர்ஷ்டம் மூன்றும் கலந்த எண் அது. ஓர் அணியின் இரண்டு கீப்பரும் சேர்ந்து உயர்ந்தால் அமைப்பைச் சந்தேகியுங்கள், ஒருவர் மட்டும் உயர்ந்தால் ஆளைக் கவனியுங்கள். உங்கள் அட்டவணையில் அவசியம் இருக்க வேண்டிய நெடுவரிசை இது: அதே அணியின் மற்ற கீப்பரோடு உள்ள வித்தியாசம். 2024-25 ஜெட்ஸில் பேக்கப், அதாவது மாற்று கீப்பர், எரிக் காம்ரியும் .910-க்கு மேலே இருந்தார். அதாவது ஹெல்லபக்கின் 41 கோலில் ஒரு பகுதி அணிக்குரியது.

இரண்டாவது ஓட்டை ரிபவுண்ட், அதாவது கீப்பர் தடுத்தும் திரும்ப ஆட்டத்துக்கு வரும் பக். பக்கை நெஞ்சில் அணைத்து ஆட்டத்தை நிறுத்தும் கீப்பருக்கு ஒரு ஷாட், ஒரு சேவ். முன்னால் தட்டிவிடுபவருக்கு அடுத்த நொடியே கிட்டத்திலிருந்து இன்னொரு ஷாட், அதற்கு மாதிரி அதிக எக்ஸ்ஜி தரும். அதையும் தடுத்துவிட்டால் இவருக்குத்தான் ஜிஎஸ்ஏஎக்ஸ் கூடுதல். தன் தவறைத் தானே துடைத்ததற்குப் பரிசு கிடைக்கிறது. மூன்று ஷாட் அடுத்தடுத்து, ஒவ்வொன்றும் 0.3 என்றால் நேரடிக் கூட்டல் 0.9. ஆனால் முதல் ஷாட் கோலானால் இரண்டாவது நடக்கவே போவதில்லை. எனவே 0.3, பிறகு 0.7 பங்கில் 0.3, பிறகு 0.49 பங்கில் 0.3. கூட்டினால் 0.657. இந்தத் திருத்தத்தை மணிபக் தனியாகத் தருகிறது, எதிர்பார்த்ததை விட எத்தனை ரிபவுண்ட் விட்டார் என்பதும் அங்கே உண்டு. கீப்பரின் கையை அறிய அந்த ரிபவுண்ட் எண் எனக்கு மிகவும் பிடித்தது.

மூன்றாவது, ஷாட் எங்கிருந்து அடிக்கப்பட்டது என்பதை அரங்கில் உட்கார்ந்திருக்கும் ஆள்தான் குறித்துவந்தார். அரங்குக்கு அரங்கு பழக்கம் வேறு. மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஷாட்டுகளை வலைக்கு நெருக்கமாகக் குறிப்பதாக ஆய்வாளர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருக்கிறார்கள். ஒரு கீப்பரின் பாதி ஆட்டம் ஒரே அரங்கில் நடப்பதால் இந்தச் சாய்வு தானாக அடிபடாது. உள்ளூர் ஆட்டத்துக்கும் வெளியூர் ஆட்டத்துக்கும் தனித்தனியாக ஜிஎஸ்ஏஎக்ஸ் எடுங்கள். ஒரே பக்கமாகப் பெரிய இடைவெளி பல பருவம் தொடர்ந்தால், வெளியூர் எண்ணுக்குக் கூடுதல் எடை கொடுங்கள்.

திட்டவிலக்கம்:

எத்தனை ஷாட் போதும் என்ற கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. என் பார்வையில் மொத்த விஷயத்தின் உயிர்நாடியே அதுதான்.

சேவ் சதவீதம் .900 என்றால் ஒரு ஷாட்டின் மாறுபாடு 0.9 × 0.1 = 0.09. அதை ஷாட் எண்ணிக்கையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம், அதாவது வெறும் அதிர்ஷ்டத்தால் எண் எவ்வளவு ஆடும் என்ற அளவு. 500 ஷாட்டுக்கு .0134. 1,500 ஷாட்டுக்கு .0077. 4,500 ஷாட்டுக்கு .0045. ஒரு முழுப் பருவம் ஆடிய பிறகும் சாதாரண அதிர்ஷ்டம் மட்டுமே ஒருவரை .892-க்கும் .908-க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோய் வைக்கும். இது மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்புள்ள வீச்சுதான், மிச்ச ஒரு பங்கு இதற்கும் வெளியே. ஒரு பருவம் என்பது பலரும் நினைப்பதைவிட மிகச் சிறிய துண்டு. 2014-15-ல் ஒட்டாவாவின் ஆண்ட்ரூ ஹாமண்ட் 24 ஆட்டத்தில் 20 வெற்றி, கூடுதல் நேரத்துக்குப் போகாத தோல்வி ஒன்றே ஒன்று, .941 எடுத்தார். அந்த உயரத்துக்கு அவர் பிறகு வரவே இல்லை. அந்த 24 ஆட்டம் பொய்யில்லை, ஆனால் அதை வைத்து அடுத்த ஆண்டுக்குத் திட்டம் போட முடியாது.

எனவே சராசரியை நோக்கி இழுக்க வேண்டும். என்எச்எல் தரத்தில் கீப்பர்களின் உண்மையான திறமை ஒருவருக்கொருவர் .006 அளவு திட்ட விலக்கத்தில் சிதறியிருக்கிறது என்று ஓர் அனுமானம் வைப்போம். 0.09-ஐ .006-இன் வர்க்கத்தால் வகுத்தால் 2,500. ஒவ்வொரு கீப்பரின் கணக்கிலும் லீக் சராசரியில் ஆடிய 2,500 ஷாட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று இதற்குப் பொருள். ஹெல்லபக்கின் ஒரு பருவத்தை மட்டும் எடுத்தால்: .925-இல் 1,660 ஷாட், .900-இல் 2,500 ஷாட், கலவை .910. 41 கோல் என்பது திட்ட விலக்கத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல், எனவே திறமை நிச்சயம் இருக்கிறது. ஆனால் அடுத்த பருவத்துக்கு .925 என்று பந்தயம் கட்டாதீர்கள். மூன்று பருவத்தை எடுத்து, அண்மைப் பருவத்துக்குக் கூடுதல் எடை கொடுத்து இதே கலவையைச் செய்வதுதான் சரி. ஒவ்வொரு பருவத்தையும் அந்தப் பருவத்தின் சராசரியிலிருந்து உள்ள வித்தியாசமாகச் சேருங்கள். இதையே ஜிஎஸ்ஏஎக்ஸிலும் செய்யலாம்.

இப்போது பிளேஆஃப். 13 ஆட்டத்தில் 300-ஐ ஒட்டிய ஷாட். திட்ட விலக்கம் .017. .910 எதிர்பார்த்தால் .866 என்பது இரண்டரை மடங்கு கீழே. மூன்று ஆண்டையும் சேர்த்தால் 600-க்குச் சற்று மேல், மொத்தம் .870-க்கு அருகே, மூன்று மடங்குக்கு மேல் கீழே. "சின்ன மாதிரி, விட்டுவிடுங்கள்" என்று இதைத் தள்ளிவிட முடியாது. அதே சமயம், மோசமாகத் தெரிந்ததால்தான் இவரைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. அறுபது எழுபது கீப்பரில் யாராவது ஒருவருக்குத் தற்செயலாகவே இப்படி ஒரு மோசமான எண் விழும். மேலும் இந்தக் கணக்கு ஷாட் தரத்தைப் பார்க்கவில்லை. 2024-ல் கொலராடோ தாக்குதலை எதிர்கொண்டதும் ஒரு சராசரி அணியின் தாக்குதலை எதிர்கொள்வதும் ஒன்றல்ல. அந்த ஆட்டங்களின் எக்ஸ்ஜியைப் போட்டு, அதோடு உள்ள வித்தியாசத்தை இதே முறையில் திட்ட விலக்கத்தால் வகுத்துப் பாருங்கள். என் தீர்ப்பு: வழக்கமான பருவத்தில் லீக்கின் முதல்தரக் கீப்பர் என்பதை இந்த எண்கள் அசைக்கவில்லை. பிளேஆஃபில் ஏதோ ஒன்று மாறுகிறது என்ற கேள்வி உயிரோடுதான் இருக்கிறது, அதற்கு விடை வீடியோவில்தான்.

நீலக்கோடு:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. லீக் கோலை லீக் எக்ஸ்ஜியால் வகுத்துத் திருத்தினேன், தளங்களுக்கு இடையே இருந்த இடைவெளி உண்மையிலேயே சுருங்கிவிட்டது.

இன்னும் இரண்டு சந்தேகம். இதெல்லாம் ஒரு கீப்பருக்கு. அணியின் மொத்தக் கோல் காவலுக்கு ஓர் எண் வேண்டும் என்றால் எப்படிச் சேர்ப்பது? அடுத்து, ஆபத்தான இடத்திலிருந்து வரும் ஷாட்டுகளில் சேவ் சதவீதம் என்று ஒன்று இருக்கிறதே, கீப்பரின் உண்மைத் தரம் அதில்தான் தெரியும் என்கிறார்கள். அதற்குத் தனி இடம் கொடுக்கலாமா?

வலைவாசல்:

அணிக்குச் சேர்ப்பது ஆட்டங்களின் பங்கீட்டைப் பொறுத்தது. 82 ஆட்டத்தில் முதல் கீப்பர் 55, பேக்கப் 27 ஆடுவதாகக் கொள்வோம், ஆட்டத்துக்கு 28 ஷாட். முதல் கீப்பருக்கு 1,540 ஷாட், பேக்கப்புக்கு 756. சராசரிக்கு இழுத்தபின் முதல் கீப்பர் +.008 என்றால் 12.3 கோல் லாபம். பேக்கப் −.006 என்றால் 4.5 கோல் நஷ்டம். அணிக்கு நிகரம் கிட்டத்தட்ட +8. ஆறு கோல் ஒரு வெற்றி, ஒரு வெற்றிக்கு இரண்டு புள்ளி என்பது நடைமுறையில் உள்ள மாற்று விகிதம். எனவே +8 கோல் என்பது 2.6 புள்ளி. பேக்கப்பின் −4.5 மட்டும் ஒன்றரைப் புள்ளி. பிளேஆஃப் வாசலில் நிற்கும் அணிக்கு அது பெரிய தொகை. பேக்கப்பைக் கணக்கில் சேர்க்காமல் அணியின் கோல் காவலைப் பேசுவது பாதிக் கணக்கு.

பேக்கப்பைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. அவருக்கு வரும் ஆட்டங்கள் சாதாரணமானவை அல்ல. அடுத்தடுத்த இரவில் ஆடும் இரண்டாவது ஆட்டம், முன்னால் நிற்பவர்களும் களைத்திருக்கும் நேரம், அவர் பங்கில் அதிகம் விழும். இன்னொரு பக்கம், பயிற்சியாளர்கள் வலுக்குறைந்த எதிரணியைப் பார்த்து அவரை இறக்குவதும் உண்டு. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். எக்ஸ்ஜி முதலாவதை ஓரளவு பிடிக்கும், அடிப்பவரின் திறமையை எல்லா மாதிரியும் பார்ப்பதில்லை.

அணியின் அதிகாரபூர்வக் கோல் எண்ணிக்கையிலிருந்து தொடங்குபவர்கள் இரண்டைக் கழிக்க மறக்கக் கூடாது. காலி வலைக் கோல் ஒன்று. சமநிலையை முடிக்கும் ஒற்றைக்கு ஒற்றை ஷாட் சுற்றான ஷூட்அவுட்டில் தோற்றால் தரவரிசைப் பட்டியலில் சேர்க்கப்படும் ஒரு கோல் மற்றொன்று. அந்த ஒரு கோல் எந்தக் கீப்பரின் கணக்கிலும் ஏறாது. அணி எண்ணும் கீப்பர்களின் கூட்டுத்தொகையும் பொருந்தாமல் போவதற்குப் பெரும்பாலும் இவைதான் காரணம்.

எதிர்மூலை:

ஆபத்து இடச் சேவ் சதவீதத்தை ஆட்டத்தின் விளக்கமாக வையுங்கள், தீர்ப்பாக வைக்காதீர்கள். முதலில் வரையறையைப் பாருங்கள். நேச்சுரல் ஸ்டாட் ட்ரிக் தளத்தில் ஷாட் அடித்த இடத்துக்கு ஒரு மதிப்பு, முந்தைய முயற்சிக்கு 3 நொடிக்குள் வந்தால் ரிபவுண்ட் என்றும், நடுமண்டலத்திலோ தற்காப்பு மண்டலத்திலோ நடந்த நிகழ்வுக்கு 4 நொடிக்குள் வந்தால் பாய்ச்சல் என்றும் கூடுதல் மதிப்பு. என்எச்எல் எட்ஜ் தளம் 2023 அக்டோபர் முதல் தரும் இடவாரி எண்களின் வெட்டு வேறு. இரண்டையும் ஒரே நெடுவரிசையில் போட்டால் அர்த்தமில்லை.

அதோடு எண்ணிக்கை போதாது. ஒரு முதல் கீப்பருக்குப் பருவத்தில் இப்படி 400 ஷாட் வந்து, தடுப்பு விகிதம் .820 என்று கொண்டால் திட்ட விலக்கம் .019. ஒருவருக்கு .839, இன்னொருவருக்கு .801 என்றால் இரண்டும் ஒரே திறமையின் இரண்டு பக்கமாகக்கூட இருக்கலாம். அடுத்த ஆண்டு இடம் மாறினால் வியப்பே இல்லை. எளிய ஷாட்டை விடுபவர் என்று ஒருவருக்கு முத்திரை குத்துவதற்கு முன்னும் இதே கணக்கைப் போடுங்கள்.

லீக் சராசரியை விட நல்ல ஆட்டம் எத்தனை என்று எண்ணும் குவாலிட்டி ஸ்டார்ட் இதைவிடப் பயன்படும். ஹாக்கி ரெஃபரன்ஸ் தளத்தின் முறையில் அந்தப் பருவச் சராசரிக்கு மேல் எடுத்தால் ஒன்று, 20 அல்லது அதற்குக் குறைந்த ஷாட் வந்த இரவில் .885 எடுத்தாலே போதும். .850-க்குக் கீழே போனால் மிக மோசமான தொடக்கம் என்று தனியாக எண்ணுவார்கள். இரண்டு பேருக்கும் ஒரே ஜிஎஸ்ஏஏ இருந்தாலும், ஒருவர் தினம் தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்திருப்பார், மற்றவர் நான்கு இரவில் எல்லாவற்றையும் கரைத்துவிட்டு மீதி நாள் அற்புதமாக நின்றிருப்பார். திறமை அளவாக இது எதையும் கூட்டவில்லை, ஆனால் அந்த நான்கு இரவு எவை என்று கைகாட்டிவிடும். வீடியோவை அங்கிருந்து தொடங்கலாம்.

திட்டவிலக்கம்:

வீடியோ என்றதும் பலர் விழுந்த கோலை மட்டும் பார்க்கிறார்கள். அது முடிவை வைத்துக் காரணம் தேடுவது. கோல் 30 எடுத்தால், அதே எக்ஸ்ஜி உள்ள தடுக்கப்பட்ட ஷாட் 30 எடுங்கள். கோல் 0.25 என்றால் சேவும் 0.20-க்கும் 0.30-க்கும் இடையே. எது கோல் என்று தெரியாதபடி, பக் மட்டையை விட்டுக் கிளம்பும் நொடியில் படத்தை நிறுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்தே ஐந்து கேள்வி: கீப்பர் நின்றுவிட்டாரா, நகர்ந்துகொண்டிருக்கிறாரா. குதிகால் கோல்முன் நீல எல்லைக்கு உள்ளேயா, வெளியேயா. அவருக்கும் பக்குக்கும் நடுவே உடல் இருக்கிறதா. கடைசி இரண்டு நொடியில் பாஸ் நடுக்கோட்டைத் தாண்டியதா. இது அவர் விட்ட ரிபவுண்டா.

அதன்பின் கோல், சேவ் என்று பிரித்துப் பாருங்கள். கோல் பட்டியலில் நடுக்கோடு தாண்டிய பாஸும் மறைப்பும் மிகுந்து, கீப்பரின் நிலை இரண்டு பட்டியலிலும் ஒன்றாக இருந்தால், எக்ஸ்ஜி குறைத்து மதிப்பிட்ட ஷாட்டுகள் அவர் மீது விழுந்தன. பாஸும் மறைப்பும் சமமாக இருந்து, கோல் பட்டியலில் மட்டும் அவர் எல்லைக்கு உள்ளே ஆழமாகவோ இன்னும் சறுக்கிக்கொண்டோ இருந்தால், கணக்கு கீப்பரின் பெயரில்தான் எழுத வேண்டும். ஹெல்லபக்குக்குச் செய்வதென்றால் வழக்கமான பருவத்துக்கு ஒரு தொகுப்பு, பிளேஆஃபுக்கு ஒன்று, பிளேஆஃபில் உள்ளூர் வெளியூர் பிரித்து. அதே 2025-ல் டாலஸுடன் நடந்த இரண்டாம் சுற்றில் உள்ளூரில் இரண்டு ஷட்அவுட் எடுத்தவர் அவர், அந்த இரண்டு ஆட்டத்துச் சேவ்களையும் தொகுப்பில் சேர்க்க மறக்காதீர்கள்.